புதுருவகலைக்கும் தியலுமவுக்கும் நடுவே

மத்திய அமெரிக்காவிலே, கரிபியன் கடலோரமாக ஒட்டிக்கிடக்கும் பெலீஸ் என்னும் சின்னஞ்சிறு தேசத்தில் கப்பலைவிட்டு இறங்கும் பிரயாணிகளுக்கு, ஒரே பகற்பொழுதில் இரண்டு விதமான இன்பங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். முற்பகலில் மாயா இனத்தாரின் புராதனக் கோயில்களின் சிதைவுகளிலே படியேறிப் பார்ப்பது. பிற்பகலில் காற்றடைத்த ரப்பர் வளையத்தின்மேல் மல்லாந்து படுத்து, தலையிலே விளக்கை மாட்டிக்கொண்டு, மலைக்குகைகளினூடே ஓடும் நதியின் போக்கில் மிதந்து செல்வது. சரித்திரமும் ஜலக்கிரீடையும் ஒரே சீட்டில் கிடைக்கின்றன. மாலை ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டுமென்பது மட்டுமே நிபந்தனை.

நமது ஊவா மாகாணத்திலும் இவ்வகையான ஒருநாட் பிரயாணம் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. எல்லயில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களையும், கொழும்பிலிருந்து வார இறுதியில் வந்திறங்கும் நம்மவர்களையும் வானிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றி, இராவணன் நீர்வீழ்ச்சியருகே பத்து நிமிஷம் நிறுத்திப் படம்பிடிக்கச் செய்து, வெல்லவாயவுக்கு இறக்கிப் புதுருவகலைச் சிற்பங்களைக் காட்டி, அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கமாக ஏற்றித் தியலும நீர்வீழ்ச்சியின் உச்சியிலுள்ள பாறைத் தடாகங்களில் நீந்தவிட்டு, இருட்டுவதற்குள் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் கடைசி ரயில் போவதையும் காட்டிவிடுவதாக வாக்குக் கொடுக்கிறார்கள். இந்தப் பிரயாணத்தை நான் பழிக்க வரவில்லை. பதுளையிலே பிறந்து வளர்ந்தவனாகிய எனக்கு, எங்கள் மலைகளை அந்நியர் கண்டு ஆச்சரியப்படுவதில் சந்தோஷமே உண்டு. ஆனால் அந்தக் கல்லுக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவே கிடக்கும் தேசத்தை ஜன்னலோரக் காட்சியாக மட்டும் வைத்துவிட்டுப் போவதும், அத்தேசத்து ஜனங்களை இந்த வியாபாரத்தின் வாசற்படியிலேயே நிறுத்திவைத்திருப்பதும் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுருவகல என்பது காட்டினுள்ளே, ஒரு யானை முழந்தாளிட்டாற்போல் கிடக்கும் பெரும்பாறை. அதன் ஒரு பக்கத்தில் ஏழு உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவிலே நிற்கும் புத்தர் ஏறத்தாழ 51 அடி உயரம். இத்தீவில் பாறையிற் செதுக்கப்பட்ட நின்ற கோலத்துப் புத்தர்களுள் இவரே உயரமானவர். ஆராய்ச்சியாளர் இவற்றை 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையென்றும், மகாயான சம்பிரதாயத்தைச் சார்ந்தவையென்றும் கணிக்கின்றனர். தேரவாதமே வேரூன்றிய இந்நாட்டில் அவலோகிதேசுவரரும், அவரருகே இடையை மெல்ல ஒசித்து நிற்கும் தாரா தேவியும், கையில் வச்சிரம் தாங்கிய போதிசத்துவரும் ஒரே பாறையில் எழுந்தருளியிருப்பது எத்தனை பெரிய சரித்திர விசேஷம்! ஒருகாலத்தில் இவ்வுருவங்களுக்குச் சுதை பூசி வர்ணம் தீட்டியிருந்தார்கள். அந்த வெண்சுதை அவலோகிதேசுவரரின்மேல் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புத்தரின் பக்கத்தில் செம்மஞ்சள் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. பாறையின் ஓரத்தில் விளக்குச் சுடரின் வடிவத்திலே குடைந்த ஒரு குழி உண்டு. அதனுள் கடுகெண்ணெய் மணம் வீசுமென்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்க்காதவர் அரிது.

இவ்வளவையும் சாவதானமாகக் காண்பதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். நமது ஒருநாட் பிரயாணத்தில் அதற்கு ஒதுக்கப்படுவதோ அரைமணி நேரம். வானின் சாரதி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “சேர், வெயில் ஏறுறதுக்குள்ள தியலுமக்குப் போகணும்” என்று அவசரப்படுத்துகிறான். அவன்மேல் குற்றமில்லை. ஒரே நாளில் நான்கு இடங்களென்று அச்சடித்துக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. எல்ல–வெல்லவாய வீதியோ, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் செங்குத்தான வீதி. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, உல்லாசப் பயணம் வந்து திரும்பிய ஒரு பஸ் அவ்வீதியிலிருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டார்கள். அதன் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. இந்த வீதியில் நேரத்தைத் துரத்திக்கொண்டு ஓடலாகாது என்பதை நினைப்பூட்டுவதே நோக்கம்.

பெலீஸைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை. மாயா நகரங்கள் பல ஒளிமங்கிப்போனதும் நமது புதுருவகலைப் பாறையில் உளி விழுந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டையொட்டி, நிகழ்ந்தவை. ‘மறைந்துபோன மாயா இனம்’ என்று சுற்றுலாக்காரர் சொல்லிச் சொல்லி வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் அவ்வினத்தார் மறைந்துபோகவில்லை. சுனான்துனிச் என்னும் சிதைந்த நகரத்தின் எதிர்க்கரையிலே சான் ஹோசே சுக்கோட்ஸ் என்ற கிராமத்தில், அந்தப் பழைய மாயா வம்சத்தவரின் சந்ததியார் இன்றும் வாழ்ந்துவருகிறார்கள். கையால் சுற்றி இழுக்கும் மிதவைப் படகிலே ஆற்றைக் கடத்தி, நாற்பது மீற்றர் உயரமான தங்கள் முன்னோரின் கோயிலுக்குப் பிரயாணிகளை நெடுங்காலமாக அனுப்பிவைத்து வந்திருக்கிறார்கள். அகழாய்வுக்கு மண்வெட்டி பிடித்தவர்களும், அத்தலத்தைக் காவல் காப்பவர்களும், வழிகாட்டிகளும் அக்கிராமத்திலிருந்து வந்திருக்கிறார்கள். பிரயாணி அவசரத்தில் கவனிப்பதில்லையே தவிர, அவனை அழைத்துச் செல்பவன் அந்த மண்ணைச் சேர்ந்தவனே.

நமது ஊவாவிலே இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. புதுருவகலையிலிருந்து தியலுமவுக்குச் செல்லும் அதே வீதியில், அருவியைத் தாண்டியதும் கொஸ்லந்தை வருகிறது. அதற்கு அப்பால், வீதியிலிருந்து சற்று விலகி, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, அத்தோட்டத்தின் மேலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயன்களை அப்படியே மூடிவிட்டது. தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டிலிருந்தவர்களுள் பலருடைய உடல்கள்கூட அகப்படவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடம் அபாயமானதென்று எச்சரித்திருந்தும், குடியிருந்தவர்களுக்கு வேறு நிலம் கொடுபடாமையால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மாகல்தெனியத் தோட்டத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்படுவதற்கு இரண்டு வருஷங்கள் சென்றன. அந்த மாகல்தெனியப் பக்கத்துத் தோட்டப் பாதையிலேதான் இன்று தியலுமவின் உச்சித் தடாகங்களுக்குப் போகும் முச்சக்கர வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறுகின்றன. வண்டியிலிருப்பவர்களுக்கு ஜன்னலோரம் தெரிவது தேயிலை மட்டுமே. துக்கத்தைக் காட்சிப் பொருளாக்கி அங்கே சீட்டுக் கிழிக்கச் சொல்கிறேனென்று யாரும் எண்ணவேண்டாம்; அது இதைவிட இழிவு. ஆனாலும் தாங்கள் எந்த ஜனங்களின் வாசலினூடே போகிறோமென்று அறியாமலே ஒருவர் போய்த் திரும்புவதை யாத்திரையென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தியலுமவின் உயரம் 220 மீற்றர். பூனாகலை ஓயா மேலே சமதளமான பாறையில் குழிகுழியாகத் தேங்கி, படிப்படியாக இறங்கி, விளிம்பை அடைந்ததும் ஒரேயடியாகப் பள்ளத்தாக்கில் விழுகிறது. அந்தக் குழிகளில் குளிப்பது சுகமான காரியந்தான், மறுக்கமாட்டேன். ஆயினும் பெலீஸின் குகையாற்றில் மிதப்பவனுக்குத் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும், முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற ஆட்களும், ஆறு பெருகிய நாளில் பயணத்தையே நிறுத்திவிடும் கட்டுப்பாடும் உண்டு. இங்கே என்ன உண்டென்று பார்க்கப்போனால், அநேகமாக ஒரு தோட்டத்துப் பையன் உண்டு. ரப்பர்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடந்த அத்தகைய ஒரு பையனை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லிலும் முதலில் பெருவிரலை மட்டும் ஊன்றிப் பார்த்துவிட்டே முழுப் பாதத்தையும் வைத்தான். “சேர், கறுப்பா இருக்கிற கல்லுல மிதிக்காதீங்க, பாசி. வெளுத்த கல்லுல வாங்க” என்றான். சற்று நேரம் கழித்து, தண்ணீரிலிருந்த ஐந்தாறு பேரையும் கரையேறும்படி கூப்பிட்டான். வானம் நிர்மலமாக இருந்ததே, ஏனப்பா என்றேன். “தண்ணி நெறம் மாறுது பாருங்க. மேல பூனாகலப் பக்கம் மழ. கொஞ்ச நேரத்துல வந்துரும்” என்றான். பார்த்தேன், தெளிந்திருந்த தண்ணீரின் ஓரத்தில் தேயிலைச் சாயம்போல் ஒரு கலங்கல் இழையோடியிருந்தது. கரையேறிக் கொஞ்ச நேரத்தில், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது.

அந்தப் பையன் ஓர் உத்தியோகபூர்வமான வழிகாட்டி அல்லன். அவனுக்குக் கிடைப்பது பிரயாணி மனமிரங்கிக் கொடுக்கும் காசு. அவனுடைய தாயார் அதே மலையில் கொழுந்து பறிக்கிறாள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டிகள், சாரதி வழிகாட்டிகள், பிரதேச வழிகாட்டிகள், தல வழிகாட்டிகள் என்று வகுத்து அனுமதிப் பத்திரம் வழங்குகிறது. கடைசி இரண்டு வகைகளும் இவனைப் போன்றவர்களை நினைத்தே ஏற்படுத்தப்பட்டனவோ என்று தோன்றும். எனினும் தோட்டங்களிலே இந்த அனுமதிப் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது நமக்கில்லையென்ற முகத்தோடு கேட்கிறார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் நாடற்றவர்களென்ற பெயரை முற்றாகக் கழுவிக்கொள்ள முடியாதிருந்த ஒரு சமூகத்திற்கு, அரசாங்க விண்ணப்பப் படிவம் என்றாலே ஒரு தயக்கம் இருப்பதில் வியப்பென்ன?

பெலீஸிலிருந்து நாம் கற்கவேண்டியது ரப்பர் வளையத்தை அன்று. அங்கே ஆக்துன் துனிச்சில் முக்னால் என்ற குகையிலே, மாயா மக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டவர்களின் எலும்புகளும் மட்பாண்டங்களும் கிடந்தபடியே கிடக்கின்றன. 2012இல் ஒரு பிரயாணி கைதவறிக் காமெராவைப் போட, அது ஒரு கபாலத்தின்மேல் விழுந்து உடைத்துவிட்டது. அன்றிலிருந்து அக்குகைக்குள் காமெரா கொண்டுபோவதே தடை. உரிமம் பெற்ற வழிகாட்டியோடன்றி உள்ளே போகமுடியாது. உலர்ந்த அறைகளில் பாதணி கழற்றிக் காலுறையோடு நடக்கவேண்டும். இதனால் ஜனங்கள் வராமற் போய்விடவில்லை. நம் சாரதிகளும் தரகர்களும், கட்டுப்பாடு போட்டால் வெள்ளைக்காரன் ஓடிவிடுவான் என்று பயப்படுவது வீண் பயம்.

இடையிலே ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. எல்லயைச் சுற்றி இராவணன் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு குகை, எத்தனையோ விடுதிகள்; வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுரக் குகையிலேயும் சீதையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இலங்கேசுவரன் உயிரோடிருந்தால் பெயரை உபயோகித்தமைக்கு வாடகை கேட்டிருப்பான். அப்புத்தளைக்கு மேலே, 1890இல் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் துரை உட்கார்ந்து மலைகளைப் பார்த்த இடத்தில், அவருக்கு உட்கார்ந்த நிலையிலேயே ஒரு சிலையும் இருக்கிறது. காவியத்து அரசனுக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் இந்த மலைகளில் இடம் கிடைத்துவிட்டது.

பிரயாணிகளை நமது பதுளை நகரத்துக்கே யாரும் அழைத்து வருவதில்லை என்பது என் இன்னொரு மனக்குறை. 1924இல் ரயில் வந்து சேர்ந்த கடைசி நிலையம் இது. முத்தியங்கனை விகாரை இங்கேயிருக்கிறது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி அருகில் இருக்கிறது. யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு கற்றூண் நூலக வளாகத்தில் நிற்கிறது. மகியங்கனைக்கு அருகே ஹொரபொர வாவிப் பக்கம் கண்டெடுத்துக் கொண்டுவரப்பட்ட 10ஆம் நூற்றாண்டுச் சாசனம் அது. ஹோபிடிகம என்ற சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகளின் ஆட்கள் முறைகேடாகப் பணம் பறிக்கிறார்களென்று, மகியங்கனைக்கு வந்த அரசனிடம் முறையிட, அவ்வாறு பறித்தலாகாதென்று அரசன் விதித்த ஒழுங்குகளே அத்தூணில் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசனுடைய வெற்றியைப் பாடும் கல்வெட்டு ஏராளம். சந்தைக்காரர்களின் மனு கல்லில் ஏறியது எங்கள் ஊவாவில். ஆயிரம் வருஷத்துக் கல்லைத் தேடி வெல்லவாய வரைக்கும் போகிறவன், இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் நஷ்டமில்லை.

செய்யவேண்டியது பெரிய காரியமொன்றுமில்லை. பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சுற்றுலாத் துறை ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. கொஸ்லந்தை, பூனாகலை, தெமோதரை, பசறைத் தோட்டங்களின் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் அங்கே தமிழிலேயே ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்தி, முதலுதவியும் நீரில் விழுந்தவரை மீட்கும் முறையும் சொல்லிக்கொடுத்து, தல வழிகாட்டிப் பரீட்சைக்கு அனுப்பலாம். தியலுமவின் மேல்பாதையில் உரிமம் பெற்ற உள்ளூர் ஆளின் துணையின்றி யாரும் தண்ணீரில் இறங்கலாகாதென்று பிரதேச சபையோ மாகாண சபையோ விதிக்கலாம். கட்டணத்தில் ஒரு பங்கு அத்தோட்டத்தின் நலனுக்குச் செல்லலாம். பிரயாணத்தை நடத்துபவர்கள் நான்கு இடங்களை இரண்டாகக் குறைக்கட்டும்: ஒரு கல், ஒரு தண்ணீர், நடுவே தோட்டத்தில் ஒரு சாப்பாடு. ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத் தண்ணியும் போதும்.

காச்சான் என்னும் வறட்காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுகிறது. அக்காலத்தில் மழையும் குறைவு. பாறைத் தடாகங்களில் இறங்கத் தகுந்த பருவமும் பெரும்பாலும் அதுவே. ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால் மலையும் நம்பக்கூடியதன்று, ஓடையும் நம்பக்கூடியதன்று. ஆகையால் வருஷாரம்பத்திலேயே விண்ணப்பங்களைக் கோரி, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு பயிற்சியைத் தொடங்கினால், காச்சான் காலத்துக்கு முந்தியே முதல் தொகுதியினர் கையில் அனுமதிப் பத்திரம் இருக்கும். அறிவித்தலைக் கொழும்புப் பத்திரிகையின் மூலையில் ஆங்கிலத்தில் மட்டும் போடாமல், தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் தமிழில் ஒட்டவேண்டும்.