பிரைட்டன் செல்லும் நம்மவருக்கு

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குப் போய் வரும் நம்மவர் பலர், கூழாங்கல் கடற்கரையில் எடுத்த படங்களைக் காட்டியபின் தவறாமல் ஒன்று சொல்வர்: "பள்ளிவாசலைப் போலவே குவிமாடங்கள் கொண்ட அரண்மனை! அந்நிய மண்ணில் நம் கலைக்கு எத்துணை மதிப்பு!" இப்பெருமிதத்தை நான் ஏற்பதற்கில்லை.

அந்த மாடங்கள் எதற்காக எழுந்தன? 1783-இல் கடல்நீராட வந்த இளவரசர் ஜார்ஜ் அவ்வூரில் மோகங்கொண்டார். அவருக்காக 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் என்னும் சிற்பி மாளிகைக்கு இந்திய உருவம் கொடுத்தார். வெளியே இந்தியா, உள்ளே சீன அலங்காரம். விருந்துக்கும் கேளிக்கைக்கும் புனைந்த வேடத்தை நமக்குச் செய்த மரியாதை என்று கொள்வது பேதைமையன்றோ?

நாம் நினைக்க வேண்டிய வரலாறு வேறு. 1914 டிசம்பரில் அதே மாளிகை, பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாயிற்று. முஸ்லிம்களுக்குத் தனிச் சமையல், தனித் தண்ணீர்க் குழாய், கிப்லாவை நோக்கித் தொழப் புல்வெளி, எல்லாம் இருந்தன. அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் அவ்வுபசாரத்தைப் படமாக்கி, உருதுவிலும் குர்முகியிலும் நூலாக அச்சிட்டது எதற்காக? ஆட்சியின்மீது விசுவாசம் வளர்க்கவே. அதே ஊரின் கிச்சனர் மருத்துவமனையிலோ முள்வேலியும் காவலும் இருந்தன. நோயாளிகள் விரும்பியபடி ஊருக்குள் உலவ இயலவில்லை.

மாண்டோரில் இந்துக்களும் சீக்கியருமாக 53 பேர் பாட்சம் குன்றில் தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் 'சத்ரி' என்னும் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள், ஷாஜஹான் பள்ளிவாசல் உள்ள வோக்கிங் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. பிற்காலத்தில் அக்கப்ருஸ்தான் சேதப்படுத்தப்பட்டதால், 1960-களின் இறுதியில் அவர்கள் புரூக்வுட் மையவாடிக்கு மாற்றப்பட்டனர். மண்ணுக்குள்ளும் அவர்களுக்கு ஓரிடத்தில் ஓய்வு கிட்டவில்லை.

"உல்லாசமாகப் போகுமிடத்தில் கப்ருகளின் பேச்சு எதற்கு?" என்பீர்கள். கடலைக் காண்பது குற்றமன்று. பிள்ளைகள் அலையில் கால் நனைக்கட்டும். ஆயினும் சகோதரர்களே, ஜியாரத் என்ற அரபுச் சொல்லுக்கே சந்திக்கச் செல்லுதல் என்பதுதான் பொருள். கடல்கடந்து சென்றும், தம் வீட்டாரின் முகம் காணாமல் மாண்ட அவர்களைச் சந்திக்காமல் திரும்பலாமா? மாளிகைக்கு ஒரு பொழுது கொடுங்கள். புரூக்வுட்டுக்கும் ஒரு பொழுது கொடுங்கள். அங்குள்ள பெயர்களைப் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் துஆச் செய்து திரும்புங்கள்.