ராகவனும் ஆராதனாவும்



2006-இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தை எல்லோரும் போலீஸ் படம் என்பார்கள். நேற்று மறுபடியும் பார்த்தேன். கொலைகாரர்களைவிட ராகவனும் ஆராதனாவும்தான் மனதில் நின்றார்கள். மனைவியைப் பறிகொடுத்த கமல். விவாகரத்தாகி, சின்ன மகளோடு நியூயார்க்கில் உயிரையே விடத் துணிந்த ஜோதிகா. அவர் காதலைச் சொன்னதும் அந்தப் பெண் உடனே தலையாட்டவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. குழந்தையை ஒரு தடையாகவே நினைக்கவில்லை. இயக்குநர் கௌதம் மேனனிடம் எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான்.

நம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டு, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் எத்தனை பேர்! மனைவி இல்லாத ஆணுக்கு, "சோறாக்கிப் போட ஆள் வேணுமே" என்று நாமே பெண் தேடுகிறோம். அதே வயதுப் பெண் ஒருவரை விரும்பினால், "பிள்ளை இருக்கையில இதெல்லாம் எதுக்குங்க?" என்கிறோம். இந்து திருமணச் சட்டம் 1955-லேயே மணவிலக்குக்கும் மறுமணத்துக்கும் வழிவிட்டுவிட்டது. நாம்தான் இன்னும் வழிவிடவில்லை.

கண்ணுகளா, உங்கள் அக்காவோ தங்கையோ அப்படி வந்து நின்றால், "ஊர் என்ன சொல்லும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அவர் எப்படிப்பட்டவர்? உன் பிள்ளையிடம் பிரியமாக இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அது போதும்.