கால்பந்தைத் தனியே பிரியுங்கள்

நியூஜெர்சியில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் இங்குள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தை பிக் டென் கான்ஃபரன்ஸ் 2014-ல் சேர்த்துக்கொண்டதற்கு எங்கள் வீட்டு கேபிள் இணைப்புகளும் ஒரு காரணம்.

அக்கம்பக்கத்து மாநிலக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுவதற்காக அமைத்துக்கொண்டவைதான் கான்ஃபரன்ஸ்கள். 2007-ல் பிக் டென் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. உறுப்புக் கல்லூரி இருக்கும் வட்டாரத்தில், ஆட்டத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கேபிள் வீடுகளிலிருந்து மாதாமாதம் அதற்குப் பணம் போகும். வெளி வட்டாரங்களில் கிடைப்பது சொற்பம். ரட்கர்ஸ் வந்தால் நியூயார்க் வட்டாரத்து வீடுகள், மேரிலாந்து பல்கலைக்கழகம் வந்தால் வாஷிங்டன் வட்டாரத்து வீடுகள். அணி எப்படி ஆடுகிறது என்பது பின்னுக்குப் போனது.

2022-ல் லாஸ் ஏஞ்சலிஸின் இரு பெரிய பல்கலைக்கழகங்களும் பிக் டென்னுக்குத் தாவ முடிவெடுத்தன. நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை அது. சில வாரங்களில் பிக் டென்னுக்கு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி சேனல்களுடன் 700 கோடி டாலரைத் தாண்டிய ஏழாண்டு ஒப்பந்தம். அவ்விரு பல்கலைக்கழகங்களும் இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸ், 1915-ல் வேர்விட்ட அமைப்பு. அந்த முடிவுக்கு அடுத்த ஆண்டே அது சிதறியது. அப்போது எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே. ஓரிகன் ஸ்டேட் மோசமான அணியா? 2022-ல் 10 ஆட்டங்களை வென்ற அணி. ஊர் சிறியது, அவ்வளவுதான்.

என் மகள் பள்ளி அணியில் வாலிபால் ஆடுகிறாள். அதனால்தானோ என்னவோ, கால்பந்தோடு சேர்ந்து தங்கள் விளையாட்டும் பிக் டென்னுக்குப் போய்விட்டதால் கலிபோர்னியாவிலிருந்து இங்கே ஆட வரும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கண்டத்தைக் கடக்கும் விமானப் பயணம், மூன்று மணி நேர வித்தியாசம், திரும்பியதும் வகுப்பு, பரீட்சை. கால்பந்து அணி வாரம் ஒருமுறை ஆடுகிறது. அதற்கு இது தாங்கும். வாலிபாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் தாங்காது.

கால்பந்தைப் பிரித்துவிட்டு மற்ற விளையாட்டுகளைப் பழையபடி வட்டாரத்துக்குள் வைத்தால் என்ன? நடக்காத காரியமில்லை. நோட்டர் டாம் பல்கலைக்கழகம் கால்பந்தைத் தனியாக ஆடுகிறது; பெரும்பாலான மற்ற விளையாட்டுகளை ஏசிசி கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. கனெக்டிகட்டும் அப்படித்தான், கால்பந்து தனி.

கால்பந்துப் பணம்தானே மற்ற விளையாட்டுகளுக்குச் சோறு போடுகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் சேனல்கள் கோடிகளைக் கொட்டுவது பெரும்பாலும் கால்பந்துக்கும் அடுத்தபடியாக ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான். வாலிபால் அணி பக்கத்து ஊரில் ஆடினால் அந்தத் தொகை பெரிதாகக் குறையாது; விமானச் செலவுதான் மிச்சமாகும். பிக் டென் ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. அடுத்த பேரத்துக்கு உட்காருமுன் பல்கலைக்கழகத் தலைவர்கள் இதைத் தீர்த்துவிட வேண்டும். கையெழுத்து அவர்களுடையது.