ஏன் போனாள் என்று கேட்பவர்களுக்கு

பிரிட்னி கிரைனர் கைதானபோது ஏறக்குறைய எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அதை அவள் ஏன் பெட்டியில் வைத்திருந்தாள்?" 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோவின் ஷெரெமெத்தியேவோ விமான நிலையத்தில் அவருடைய பெட்டியில் கஞ்சா எண்ணெய் கொண்ட வேப் குப்பிகள் கிடைத்தன. எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு கிராம்கூட இல்லை. தீராத உடல்வலிக்கு அரிசோனாவில் மருத்துவர் பரிந்துரைத்தது, அவசரமாகப் பெட்டி அடுக்கியபோது கூடவே வந்துவிட்டது என்றார் அவர். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு வந்தது. "அவ்வளவு பெரிய ஆளு, இதுகூடவா தெரியாது?" என்றார் ஒருவர். "காசு கொழுப்பு" என்றார் இன்னொருவர். பேசியவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. கொழுப்பு இருந்தவர் பிப்ரவரிக் குளிரில் யூரல் மலைப்பக்கம் வேலைக்குப் போகமாட்டார். அமெரிக்காவின் தலைசிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரி தன் நாட்டில் ஆட்டம் இல்லாத மாதங்களில், ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில், ஏழு ஆண்டுகளாக எதற்கு யெகாத்தெரின்பர்க் போய்வந்துகொண்டிருந்தார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் ஒரே சொல்லில் வந்துவிடும். கூலி.

2013ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த ஆண்டு பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் முதல் ஆளாகத் தேர்வானவர் கிரைனர். பேலர் பல்கலைக்கழக அணி அதற்கு முந்தைய ஆண்டு 40 ஆட்டங்கள் ஆடி நாற்பதிலும் வென்று சாம்பியன் ஆனது என்றால், அதன் முதுகெலும்பு அவர். எம்பிக் குதித்து வளையத்துக்கு மேலிருந்து பந்தை அறைந்து இறக்கும் டங்க்கைக் கல்லூரிக் காலத்தில் மட்டும் 18 முறை செய்தவர். தொழில்முறையாக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே இரண்டு முறை செய்தார். அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் 49,440 டாலர்.

அதே ஆண்டு ஆண்கள் லீக்கான என்பிஏவில் முதல் ஆளாகத் தேர்வானவர் ஆந்தனி பென்னட். அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் 53 லட்சம் டாலர். நூறு மடங்குக்கும் மேல். பென்னட் நான்கு பருவங்கள் ஆடி, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல் என்பிஏவிலிருந்து மறைந்துபோனார். அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, பாவம். கிரைனர் அதற்குப் பிறகு மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு ஒரு கூலி என்று பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நம் வயல்களில்கூட வித்தியாசம் நூறு மடங்கு இருந்ததில்லை.

எனவே அவர் புறப்பட்டார். முதலில் சீனா. நான்கு மாத ஆட்டத்துக்கு ஆறு லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பிறகு ரஷ்யாவின் யுஎம்எம்சி யெகாத்தெரின்பர்க் அணி. செம்புச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த அணி அது. ஒரு பருவத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தனி விமானம், நல்ல வீடு, நல்ல மரியாதை. அங்கே ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை அவர் நான்கு முறை வென்றார்.

இதில் எனக்கு மறக்க முடியாத கதை அவருடையதுகூட அல்ல. கிரைனரின் ஃபீனிக்ஸ் அணித் தோழி டயானா டாராசியும் இதே ரஷ்ய அணிக்கு ஆடியவர்தான். 2015 கோடையில் அவர் அமெரிக்க லீக்கில் ஆடவே இல்லை. காயம் எதுவும் கிடையாது. 'அங்கே ஆடாமல் ஓய்வெடுத்து, குளிர்காலத்தில் புத்துணர்வோடு எங்களிடம் வாருங்கள்' என்று ரஷ்ய அணி அவருக்குப் பணம் கொடுத்தது. ரஷ்யாவில் அவருடைய சம்பளம் 15 லட்சம் டாலர் அளவில். அமெரிக்க லீக்கின் உச்சபட்சச் சம்பளமோ அப்போது ஒரு லட்சத்துச் சொச்சம். சொந்த நாட்டு முதலாளி வேலைக்குக் கொடுப்பதைவிட, வேலை செய்யாமல் இருப்பதற்கு வெளிநாட்டு முதலாளி அதிகம் கொடுத்தார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவருடைய நிலைமை இது.

குளிர்காலத்தில் ஒரு நாடு, கோடையில் ஒரு நாடு என்று ஆண்டு முழுக்க ஆடினால் உடம்பு என்ன ஆகும்? 2019 ஏப்ரலில் ப்ரியானா ஸ்டூவர்ட் ரஷ்ய அணி ஒன்றுக்காக ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ஆடியபோது குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். அந்த ஆண்டு அமெரிக்கப் பருவம் முழுவதும் அவர் களத்தில் இல்லை. கிரைனரின் பெட்டியில் இருந்தது வலிக்கான மருந்து என்பதை இங்கே ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்? கூட்டம் வந்தால் காசு வரும்" என்பது அடுத்த வாதம். மாணவிகளே இதைச் சொல்லும்போது எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் வருகிறது. என்பிஏ 1946இல் பிறந்தது. 34 ஆண்டுகள் கழித்து, 1980இல், அதன் இறுதி வெற்றியைத் தீர்மானித்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பகுதியில் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டவில்லை. இரவு ஊர் தூங்கிய பிறகு பதிவு செய்து ஒளிபரப்பினார்கள். அதற்காக யாரும் ஆண்கள் கூடைப்பந்தை மூடிவிடலாம் என்று சொல்லவில்லை. பொறுத்தார்கள், முதலீடு செய்தார்கள், நட்சத்திரங்களை உருவாக்கினார்கள். 1997இல் ஆட்டத்தைத் தொடங்கிய பெண்கள் லீக்கிடம் முதல் பத்தாண்டுக்குள்ளேயே லாபக்கணக்கு கேட்டார்கள்.

அதுவும் போகட்டும். ஆண்களுக்குத் தரும் அதே தொகையைப் பெண்களுக்கும் தா என்று அந்த ஆட்டக்காரிகள் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டது பங்கு. என்பிஏவில் வரும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. டபிள்யூஎன்பிஏவின் 2020 ஒப்பந்தப்படி ஆட்டக்காரிகளுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் என்பது பலர் போட்டுக்காட்டிய கணக்கு. கூட்டம் குறைவு என்றால் குறைந்த தொகையில் பாதி கொடுக்கலாமே? சந்தை, சந்தை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை.

அவர் சிறையில் இருந்தபோது ஃபீனிக்ஸ் அணியின் பயிற்சியாளர், இதுவே லெப்ரான் ஜேம்ஸாக இருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார் என்று ஆதங்கப்பட்டார். நியாயமான ஆதங்கம். ஆனால் லெப்ரான் ஜேம்ஸ் அந்த விமானத்தில் ஏறியே இருக்கமாட்டார். யெகாத்தெரின்பர்க் என்ற ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அவருக்கு வந்திருக்காது.

கைதான ஒரே வாரத்தில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஆகஸ்ட் 4 அன்று ஒன்பது ஆண்டுச் சிறை. நீதிமன்றத்தில் அவரைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருந்தார்கள். 6 அடி 9 அங்குல உயரப் பெண்ணுக்கு அந்த நாட்டுச் சிறையில் எந்தக் கட்டிலும் போதவில்லை. மொர்தோவியாவின் யாவாஸ் என்ற இடத்துப் பெண்கள் சிறைக்கு அனுப்பி, தையற்கூடத்தில் ராணுவச் சீருடைக்குத் துணி வெட்டும் வேலை கொடுத்தார்கள். ஈரம் காயாமல் குளிரில் உறைந்துபோன நீண்ட சடைமுடியை வெட்டிக்கொண்டார். டிசம்பர் 8 அன்று விக்டர் பூட் என்ற ஆயுத வியாபாரிக்கு மாற்றாக விடுதலை.

உடனே, "ஒரு ஆயுத வியாபாரியைக் கொடுத்து இவளையா மீட்பது?" என்று அவருடைய நாட்டிலேயே குரல் எழுந்தது. முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் அங்கே சிறையில் கிடக்கிறார், அவரை விட்டுவிட்டு இவளையா என்றார்கள். இன்னொருவரும் விடுதலையாக வேண்டும் என்பது நியாயம். அதற்கு இவருடைய விடுதலையை ஏன் பழிக்க வேண்டும்? கறுப்பினப் பெண், தன்பாலீர்ப்பாளர், பச்சை குத்திய கைகள், கனத்த குரல். மீட்கத் தகுந்த பெண்ணின் படத்தில் இவர் பொருந்தவில்லை. சிறுவயதிலிருந்தே அந்த உடம்பை ஊர் விசாரித்துக்கொண்டிருந்தது. இவர் ஆண்தான் என்று பள்ளியில் சொன்னார்கள், பிறகு பார்வையாளர் வரிசையிலிருந்து சொன்னார்கள், இணையத்தில் இன்றும் சொல்கிறார்கள். பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த அவருடைய பல்கலைக்கழகத்தில், தங்கள் பாலீர்ப்பைப் பற்றி வெளியே பேசவேண்டாம் என்று ஆட்டக்காரிகளுக்குச் சொல்லப்பட்டிருந்ததை 2013இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கோப்பை வேண்டும், அதை வாங்கித் தருகிற பெண் யார் என்பது வேண்டாம்.

இது தூரத்துக் கதை என்று நினைத்தால், புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தர்ராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனை என்ற பெயரில் பறித்தார்கள். பிற்பாடு அவர் செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டிவந்தது. உடம்பைச் சந்தேகிப்பதும் கூலியைக் குறைப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

கிரைனரை நான் தெய்வமாக்கவில்லை. 2015இல் அவரும் அப்போதைய இணையரும் வீட்டில் அடித்துக்கொண்டு கைதானார்கள். லீக் இருவரையும் தலா ஏழு ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. பெண்கள் செய்தால் வன்முறை வன்முறை ஆகாது என்று ஒரு பெண்ணியவாதி சொல்ல முடியாது. ஆனால் நேர்மையான சம்பளம் வாங்க ஒருவர் மாசற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி ஆண்களுக்கு எப்போது இருந்தது?

2023 மே மாதம் அவர் மீண்டும் களத்தில் இறங்கினார். சிறைக்கு முன் அவருடைய அமெரிக்கச் சம்பளம் ஏறத்தாழ 2,28,000 டாலர். திரும்பி வந்த ஆண்டு 1,65,000 அளவில். ஒலிம்பிக்கைத் தவிர இனி வெளிநாட்டில் ஆடமாட்டேன் என்று அறிவித்தவர், சம்பள இடைவெளிதான் எங்களை வெளியே அனுப்புகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஜூன் மாதம் டல்லஸ் விமான நிலையத்தில் ஒரு ஆள் கேமராவோடு பின்தொடர்ந்து அவரைப் பார்த்துக் கத்தினான். தனி விமானம் இல்லாததால் அணி பொது விமானத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. பொதுவாக அணிகளுக்குத் தனி விமானம் ஏன் இல்லை? லீக் தடுத்திருந்தது. பணக்கார அணிகளுக்கு அது அனுகூலமாகிவிடுமாம். 2021இல் தன் ஆட்டக்காரிகளைத் தனி விமானத்தில் அழைத்துப்போன நியூயார்க் அணிக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். கிரைனரின் முதல் ஆண்டுச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு. எல்லா அணிகளுக்கும் தனி விமானம் வந்தது 2024இல்தான்.

ஆட்டக்காரிகள் வெளிநாடு போகும் சிக்கலுக்கும் லீக் ஒரு தீர்வு வைத்திருந்தது. வெளிநாட்டுப் பருவம் முடிந்து தாமதமாக வரும் அனுபவசாலிகளுக்கு 2023இலிருந்து அபராதம், 2024இலிருந்து அந்தப் பருவம் முழுக்கத் தடை. கூலியை உயர்த்துவதற்கு முன்னால் கதவைச் சாத்தினார்கள். அதே 2024இல், பெண்கள் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், 11 ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் என்று ஒளிபரப்பு உரிமை விற்றது.

2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரிகள் எல்லோரும் ஒரே வாசகம் எழுதிய கறுப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தார்கள்: எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள். அரங்கம் எழுந்து நின்று, பணத்தைக் கொடு என்று கூவியது. சட்டை அணிந்தவர்களில் கெய்ட்லின் கிளார்க்கும் ஒருவர். அவர் ஆடும் ஆட்டம் என்றால் டிக்கெட் கிடைக்காது, எதிரணிகள் பெரிய அரங்கத்துக்கு இடம் மாறுகின்றன. அந்த ஆண்டு அவருடைய லீக் சம்பளம் 78,066 டாலர்.