ஆஸ்பத்திரியைக் கூட்டுவது அவசியமில்லாத வேலையா?

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்சும் சர்க்கார் ஆட்களாக இருந்தால் போதும்; கூட்டுவது, துணி வெளுப்பது, சமைப்பது, காவல் நிற்பது எல்லாம் காண்டிராக்டரிடம் போகட்டும் என்ற கொள்கை நாடெங்கும் பரவிவருகிறது. இதில் நமக்கு இரட்டை அக்கறை உண்டு. பிழைக்க மும்பைக்கு வந்த நம் குடும்பங்கள் நோய் என்றால் போய்ப் படுப்பது மாநகராட்சி ஆஸ்பத்திரியில்தான். துடைப்பம் பிடிக்கும் கைகளிலும் நம் தாய்மார், தங்கைமார் கைகள் இருக்கின்றன.

செலவு குறையும் என்கிறார்கள். எப்படிக் குறையும்? ரயில்வேயில் பெட்டி கழுவுவதும் படுக்கைத் துணி வெளுப்பதும் காண்டிராக்டுக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம். குறைந்த தொகை கேட்டவனுக்கு டெண்டர். அதற்காக பினாயில் விலை குறையாது. காண்டிராக்டர் லாபத்தை விடமாட்டார். மிச்சம் பிடிக்க இருப்பது தொழிலாளியின் கூலியும் ஆள் கணக்கும்தான். காகிதத்தில் பத்துப் பேர், வார்டில் ஏழு பேர். பி.எஃப். பிடித்தம் உண்டு, கட்டிய ரசீது கிடையாது. இதற்குப் பெயர் சிக்கனமா?

ஆஸ்பத்திரிக் குப்பை தெருக் குப்பை அல்ல. ஊசியும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் அதில் கிடக்கும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், அதைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுதோறும் உடல் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. காண்டிராக்ட் மாறினால் ஆளும் மாறும் இடத்தில் இதை யார் கணக்கு வைப்பது? எந்தப் பையில் எதைப் போடுவது என்று தெரியாதவர் கையில் ஊசி குத்தும். சரியாகத் துடைக்காத தரையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நோய் போகும். கூட்டுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நாம் சொல்வது இதனால்தான்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையா, நிறுவனத்துக்கு அவசியமான வேலையா என்று பார்த்து ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மைய வேலையில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்று அது பொதுவாகச் சொல்கிறது. ஆனால் துப்புரவு, காவல், உணவகம், சலவை, ஆம்புலன்ஸ் முதலியவற்றுக்காகவே அமைக்கப்படாத நிறுவனத்தில் அவை அவசியமான வேலைகளாகக் கருதப்படமாட்டா என்றும் எழுதிவிட்டார்கள். அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். பிரசவ வார்டுக்குப் பொருந்துமா?

நிரந்தரத் தொழிலாளி வேலை செய்வதில்லை என்பார்கள். சில வார்டுகளில் அந்தக் குறை உண்டு. நாமும் நோயாளியாகப் போய் அவதிப்பட்டவர்களே. அதற்கு மருந்து மேற்பார்வையும் காலியிடங்களை நிரப்புவதும். ஆளை எடுக்காமல் வைத்திருந்து, வேலை நடக்கவில்லை என்று காண்டிராக்டரை அழைப்பது நியாயமல்ல.

போராடினால் பலன் இல்லை என்று சோர வேண்டாம். இதே மும்பையில் மாநகராட்சிக் குப்பை அள்ளிய 2,700 ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கச் சொன்ன தொழில் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது. சங்கமாக நின்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியதால் கிடைத்தது அது.

ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியை அவசியப் பணியாக அரசு அறிவிக்க வேண்டும். நெடுங்காலம் உழைத்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும். அதுவரை, காண்டிராக்டர் கூலி தராவிட்டால் ஆஸ்பத்திரி நிர்வாகமே தரக் கடமைப்பட்டது என்ற சட்டப் பாதுகாப்பை நாம் விடக்கூடாது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சகோதரிகள் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தனியாகச் சண்டை போடாதீர்கள். நான்கு பேராகச் சேர்ந்து சங்கத்துக்கு வாருங்கள்.