பதுளையின் ஆசனக் கணக்கும் எங்கள் தலைக் கணக்கும்



மாகாண சபைத் தேர்தல் பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. பழைய முறையிலா, புதிய முறையிலா என்று கொழும்பில் வாதாடுகிறார்கள். "அதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி. எங்களுக்கு அரைப்பேர் போடாமல் முழுப்பேர் போட்டால் போதும்" என்று சொல்கிறவர்கள் எங்கள் தோட்டக் கமிட்டிகளிலேயே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களோடுதான் சண்டை போடுகிறது. தொகுதியை எப்படி வெட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பதுளையில் எங்களுக்கு வாய் இருந்ததும், இல்லாமல் போனதும்.

1947 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முதலாவது பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் தெரிவானார்கள். அதில் ஒருவர் பதுளையில் வென்ற எஸ். எம். சுப்பையா. அன்றைக்குப் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் போகலாம். வாக்காளருக்கு இரண்டு வாக்கு; இரண்டையும் ஒருவருக்கே போடவும் வழியிருந்தது. சிறுபான்மையாக வாழ்ந்த எம்மவர் சிதறாமல் போட்டார்கள், வென்றார்கள். யாரும் பிச்சை போடவில்லை.

அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து வாக்கைப் பறித்தது. 1952 தேர்தலில் எம்மில் பெரும்பாலோர் லயத்து வாசலில் நின்று மற்றவர் வாக்களிக்கப் போவதைப் பார்த்தார்கள். அன்று தொடங்கி 1977 வரை ஏழு பொதுத் தேர்தல்கள். பதுளை மாவட்டத்திலிருந்து எம்மவர் ஒருவர்கூட வரவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத கொடுமை ஒன்று உண்டு. அன்றைக்கு ஆசனங்களை ஒதுக்கியபோது வாக்காளரை எண்ணவில்லை, ஆட்களை எண்ணினார்கள். 75,000 பேருக்கு ஒரு ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம். தோட்டங்களில் இருந்த எங்களையும் சேர்த்து எண்ணித்தான் மலைநாட்டுக்கு ஆசனம் கிடைத்தது. வாக்கைப் பறித்த பிறகு அந்த ஆசனங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. எங்கள் தலையை எண்ணி வந்த ஆசனத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். துரைமாருடைய நாட்டில் 1832 வரை ஓல்ட் சாரம் என்று ஒரு தொகுதி இருந்தது. அங்கே குடியிருக்க ஆளில்லை, ஆனால் இரண்டு உறுப்பினர் பாராளுமன்றம் போனார்கள். அதே காலத்தில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த மான்செஸ்டருக்கு ஒரு ஆசனமும் கிடையாது. அங்கே ஆளில்லாத வாக்கு, இங்கே வாக்கில்லாத ஆள். எஜமானுக்கு இரண்டும் இலாபம்தான்.

1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தபோதும் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை, கையில் வாக்கு இல்லையே.

1978 அரசியலமைப்பு மாவட்டத்தையே ஒரு தேர்தல் தொகுதியாக்கியது. மகியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்ற ஒன்பதும் வாக்குகளை எண்ணும் பிரிவுகளாக மட்டும் நின்றன. பிரஜாவுரிமை மெல்ல மெல்லத் திரும்பிவர, நமுனுகுலையில் விழும் வாக்கும் ஹல்துமுல்லையில் விழும் வாக்கும் ஒன்று சேர வழி பிறந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் நாங்கள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர், நூற்றுக்குப் பதினெட்டு. பசறையிலும் ஹப்புத்தளையிலும் கணிசமாக இருக்கிறோம். ஆனாலும் எங்கள் வாக்கு மட்டுமே போதும் என்று மார்தட்டக்கூடிய பிரிவு ஒன்றுமில்லை. மாவட்டமாகச் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பலம். 2024 இல் பதுளையின் ஒன்பது ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி ஆறைப் பெற்றது. அந்த ஆறு பேரில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்று இருவர் எம்மவர். தனித்தனி ஆசனமாக வெட்டியிருந்தால் இதே கணக்கு வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மாகாண சபைக்கு அந்த வெட்டைத்தான் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. பாதிப்பேர் தொகுதியிலிருந்து, பாதிப்பேர் பட்டியலிலிருந்து. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுமில்லை. கொண்டுவந்த தரப்பே எதிர்த்து வாக்களித்த கூத்து அது! புதிய முறையும் நடக்கவில்லை, பழைய முறைக்கும் திரும்பவில்லை. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20. சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான்.

"சபை இல்லாவிட்டால் எங்களுக்கு என்ன குறை?" எங்கள் தோட்டப் பாடசாலைகளில் அநேகம் மாகாண சபைக்குக் கீழ்தான் வருகின்றன. கணித ஆசிரியர் இடமாறிப் போனால் பதிலுக்கு ஆள் கேட்டு எங்கே போவது? வலயக் கல்விக் காரியாலயம் மாகாணத்தைக் காட்டும், மாகாணம் கொழும்பைக் காட்டும். சபை இருந்த காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலை அதிபரை முதலமைச்சர் முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே கொதிக்க வைத்ததை யார் மறப்பார்? ஆனால் அவர் வாக்குக் கேட்டு வந்தவர். அதனால் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்க முடிந்தது; கல்விப் பொறுப்பை அவர் விடவும் நேர்ந்தது. ஆளுநருக்கு எந்தத் தோட்டம் வாக்குப் போட்டது?

வாக்குக் கேட்டு வந்தவர்களை நம்பச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 2014 இல் அந்த ஊவாத் தேர்தலுக்கு எத்தனை வாகனம் தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தது! வாக்களித்து 39 நாள். ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்களின் மேல் மலை சரிந்து விழுந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மேடையில் ஏறிய எத்தனை பேருக்கு அந்த எச்சரிக்கை தெரிந்திருந்தது? எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் கேட்டோம்?

இப்போது புதிதாக ஒரு பாட்டுக் கேட்கிறது. "எல்லோரும் இலங்கையர், இனம் பார்த்துத் தொகுதி வெட்டலாமா?" நல்ல வார்த்தைதான், நாங்களும் அதையே விரும்புகிறோம். ஆனால் 1948 இல் இனம் பார்த்துத்தானே வெட்டினார்கள்? 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை போட்டது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம் எங்கள் பாதைக்குத் தார் போடாதபோது எல்லோரும் இலங்கையர் என்று யாரும் பாடவில்லை.

எம்மவர் கட்சிகளுக்கும் இரண்டு வார்த்தை. ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு. அதற்கு ஒரே தோட்டத்தில் நான்கு சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி, ஒருவர் காலை ஒருவர் வாரினால் எந்தத் தேர்தல் முறை வந்தும் பயனில்லை. எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை சுருக்கமானது. பழைய விகிதாசார முறையிலேயே ஊவாத் தேர்தலை உடனே நடத்து. எல்லை நிர்ணயம் செய்துதான் ஆகவேண்டும் என்றால், பசறை, ஹப்புத்தளை, ஹாலிஎல போன்ற இடங்களில் 1947 இல் இருந்ததுபோல் பல அங்கத்தவர் தொகுதி வை. அந்தக் குழுவில் மலையகத்தவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

இந்த இதழுடன் தீர்மானப் படிவம் ஒன்று வருகிறது. தோட்டக் கமிட்டி கூடிப் பேசி, ஒவ்வொரு டிவிசனிலும் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிடத் தெரியாத பெரியவர்கள் பெருவிரல் வைக்கலாம். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் மலையிலேயே போய்ப் பேசுங்கள், லயத்துக்கு வந்தால் அவர்களுக்கு நேரம் இருக்காது. ஒரு பிரதி பதுளை மாவட்டத்தின் ஒன்பது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் போகும். எம்மவர் இருவரிடமும் நேரில் கொடுத்துப் பதிலை எழுத்தில் கேட்போம். நிரப்பிய படிவத்தைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்தால் அவர் பதுளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவருவார். வரும் பதில்களை, வராத பதில்களையும், பெயர் போட்டு அடுத்த இதழில் வெளியிடுவோம்.