பெல்ட்டின் நிறமா? காலின் திறமா?

“இப்போது எந்த பெல்ட்?”

கிக் பாக்ஸிங் பயிற்சிக்குச் செல்லும் எங்களை உறவினர் யார் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மஞ்சள் என்றால் “அப்படியா?” என்பார்கள். ஆரஞ்சு என்றால் “பரவாயில்லையே!” என்பார்கள். மூச்சு விடுவதற்குள் “கறுப்பு எப்போது?” என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஏன் கேட்பதில்லை என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது நாங்கள் ஏழு பேர் இப்பயிற்சியில் சேர்ந்தோம். சனிக்கிழமைதோறும் காலையில் பள்ளி அரங்கில் மாஸ்டர் கற்றுத் தருகிறார். இவ்வாண்டு பச்சை பெல்ட் தேர்வுக்கு ஏழு பேரும் சென்றோம். நால்வருக்குப் பச்சை கிடைத்தது. மூவர் பழைய ஆரஞ்சு பெல்ட்டையே சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஆம், இதை எழுதும் கையும் அந்த மூவரில் ஒருத்தியின் கையே!

அன்று மாலை ஒரு வீட்டில் அம்மா சொன்னார்: “இரண்டு வருடமாகப் பணம் கட்டுகிறோமே, ஒரு பெல்ட்டைக் கொடுத்தால் மாஸ்டருக்கு என்ன குறைந்துவிடும்?” இன்னொரு வீட்டில் அப்பா சொன்னார்: “பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. பெல்ட்டும் கிடைக்கவில்லை. இத்தோடு நிறுத்திவிடு.” இவ்விரண்டு சொற்களுக்கும் பணிவோடு விடை கூற விரும்புகிறோம்.

முதலில், இந்த பெல்ட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்னும் ஆசிரியர் 1882-ஆம் ஆண்டு கோடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி ஜூடோவைக் கற்பித்தார். தேர்ந்த மாணவர்களை அடையாளம் காணக் கறுப்பு பெல்ட் அங்கேதான் வழக்கத்திற்கு வந்தது. மஞ்சள், பச்சை, நீலம் போன்ற நிறங்கள் பிற்பாடு ஐரோப்பாவில் பரவியவை. 1930-களில் பாரிஸ் நகரில் ஜூடோ கற்பித்த மிகோனோசுகே கவைஷி அவற்றைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். கற்பவர் தம் முன்னேற்றத்தைக் கண்ணால் கண்டு ஊக்கம் பெறட்டும் என்பதே நோக்கம். ஜூடோவிலிருந்து இவ்வழக்கம் கராத்தேக்குச் சென்றது.

கிக் பாக்ஸிங்கோ 1960-களில் ஜப்பானில் உருவானது. கராத்தேயும் தாய்லாந்தின் முவாய் தாயும் அதற்குப் பெற்றோர் எனலாம். முவாய் தாயில் மரபாக நிற பெல்ட்டே கிடையாது. ஆகவே எங்கள் இடுப்பில் உள்ள பெல்ட் கராத்தே வழியாக வந்த சொத்து. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கிக் பாக்ஸர்கள் கயிறு கட்டிய ரிங்கில் ஏறிப் போட்டியிடும்போது இந்த நிற பெல்ட்டைக் கட்டிக்கொள்வதில்லை. இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்றுகள். அங்கே கையும் காலும் மூச்சும்தான் துணை.

அப்படியானால் தேர்வு எதற்கு? அதை அந்தத் தோல்விதான் எங்களுக்கு உணர்த்தியது.

பச்சை பெல்ட்டுக்கு ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங், பேடில் குத்தும் உதையும், கடைசியில் ஸ்பாரிங் என வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். மூவரும் ரவுண்ட் கிக்கில்தான் தவறினோம். எங்கள் கால் பேடில் பட்டபோது அரங்கமே அதிரும்படி ‘டப்’ என்று ஓசை எழுந்தது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம். மாஸ்டரோ, “சத்தத்தைக் கேட்காதே, உன் ஊன்றிய காலைப் பார்” என்றார். குனிந்து பார்த்தால் உண்மை புலப்பட்டது. உதைக்கும் கால் சுழன்றதே தவிர, ஊன்றிய பாதம் தரையில் ஒட்டியபடி நின்றுவிட்டது. அது முன்பாதத்தின்மேல் திரும்பினால்தான் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால்தான் உடலின் பலம் உதையில் சேரும். இல்லாவிட்டால் உதை வலுவிழப்பதோடு, ஊன்றிய முழங்காலும் முறுக்குப்பட்டு வலி கொடுக்கும். போதாக்குறைக்கு, உதைக்கும்போது முகத்தைக் காக்க வேண்டிய கையும் கீழே தொங்கியது.

அடுத்த வாரம் மாஸ்டர் சாக்பீஸால் தரையில் இரண்டு பாதங்களை வரைந்தார். ஒன்று, உதை தொடங்கும்போது பாதம் இருக்க வேண்டிய இடம். மற்றொன்று, உதை முடியும்போது குதிகால் இலக்கை நோக்கித் திரும்பியிருக்க வேண்டிய நிலை. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை உயர்த்து, பாதத்தைத் திருப்பு, இடுப்பைச் சுழற்று, காலை நீட்டு, அதே வழியில் மடக்கி இறக்கு. ஒரு காலுக்கு ஐம்பது முறை. அதுவும் ஆமை வேகத்தில்! மோவாய் நிமிரும் பழக்கத்தைப் போக்க, அதன் கீழ் ஒரு டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு குத்துப் பழகினோம். பந்து எத்தனை முறை உருண்டோடியது என்பதைப் பள்ளி அரங்கைக் கேட்டால் தெரியும்! ஏழெட்டு வாரங்களில் வலது காலுக்கு அந்தத் திருப்பம் தானாகவே வரத் தொடங்கியது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யல்ல. இடது கால் மட்டும் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறது.

அன்று இரக்கப்பட்டுப் பச்சை பெல்ட்டைத் தந்திருந்தால், நாங்கள் அந்தச் சாக்பீஸ் பாதத்தின்மேல் நின்றிருப்போமா? நிச்சயமாக மாட்டோம். அம்மா கேட்ட கேள்விக்கு இதுவே எங்கள் விடை. தகுதியில்லாமல் கொடுத்திருந்தால் குறைந்திருப்பது மாஸ்டருக்கு அல்ல, எங்களுக்கே.

“சிறுமியருக்கு ஊக்கம் வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் பணம் கட்டிய எல்லோருக்கும் குறித்த மாதத்தில் நிறம் மாற்றித் தருவது ஊக்கம் ஆகாது. அது ஆபத்தும்கூட. பெல்ட்டை நம்பிய ஒரு பெண் ஆபத்து நேரும்போது தன்னால் முடியாததை முடியும் என்று எண்ணிவிடுவாள். தன் குறையை அறிந்தவளோ, விலகி ஓட வேண்டிய நேரத்தில் ஓடித் தப்புவாள்.

தேர்வு கண்டிப்பாக இருந்தால் மட்டும் போதாது. நேர்மையாகவும் இருக்க வேண்டும். இதற்குக் கெய்கோ ஃபுகுடா அம்மையாரின் வாழ்வே சான்று. 1913-இல் டோக்கியோவில் பிறந்த இவர், 1935-இல் கானோவின் பள்ளியில் ஜூடோ கற்கத் தொடங்கினார். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. 1953-இலேயே ஐந்தாம் டான் நிலையை எட்டிவிட்டார். ‘டான்’ என்பது கறுப்பு பெல்ட் பெற்றோருக்குரிய படி. ஆனால் பெண்களுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது என்று ஒரு விதி இருந்தது. திறமை இருந்தும் பெண் என்பதால் ஏணி அங்கே முடிந்துவிட்டது! அவ்விதியை எதிர்த்துப் பலர் கடிதம் எழுதிய பிறகே, 1972-இல் ஆறாம் டான் கிடைத்தது. 2006-இல் கோடோகன் ஒன்பதாம் டான் வழங்கியது. 2011-இல், தம் 98-ஆவது வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பிடமிருந்து பத்தாம் டான் பெற்றார். 2013-இல் மறையும் முன்பு வரை கற்பிப்பதை அவர் விடவில்லை.

எண்ணிப் பாருங்கள் தோழியரே! படி உயராத அந்த ஆண்டுகளில் அவருடைய திறமை உயராமலா இருந்தது? தகுதி உள்ளவருக்கு மறுக்கப்படும் பெல்ட்டும், தகுதி இல்லாதவருக்குக் கொடுக்கப்படும் பெல்ட்டும் இரண்டுமே பொய்தான். கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். தொடக்கப் படி என்பதே அதன் பொருள். நாம் முடிவு என்று நினைத்துக் கைதட்டுவதை, அதை உண்டாக்கியவர்கள் தொடக்கம் என்றார்கள்.

இனி, நிறுத்திவிடச் சொன்ன அப்பாவுக்கு எங்கள் விடை. பொதுத் தேர்வு எங்களுக்கும் கவலைதான். ஆனால் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் எங்கள் கணக்கையோ அறிவியலையோ கெடுக்கவில்லை. ஒரே குதிகாலை ஐம்பது முறை திருப்பிப் பழகியவளுக்கு, தவறிய கணக்கை அழித்துவிட்டு மீண்டும் போடுவது பெரிய வேலையாகத் தோன்றுவதில்லை. எங்கே தவறினோம் என்று தேடும் பழக்கம் எங்களுக்கு அரங்கில்தான் வந்தது.

பெற்றோரிடமும், எங்கள்மேல் அக்கறை கொண்ட சிஸ்டர்களிடமும் நாங்கள் வேண்டுவது ஒன்றே. “எந்த பெல்ட்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “செய்து காட்டு, பார்க்கலாம்” என்று கேளுங்கள். “எத்தனை மார்க்?” என்பதற்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள்.

அந்த அப்பாவிடம் நாங்களே சென்று இதைச் சொன்னோம். சிறிது நேரம் யோசித்தவர், உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலால் ஓர் உதை. ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு இடது காலால். அசையவே இல்லை. “இடது பக்கம் இன்னும் பழக வேண்டும் போலிருக்கிறதே” என்றார். எங்கள் மாஸ்டர் சொன்னதும் அதையேதான்!

அடுத்த பருவத்தில் மறுதேர்வு. பச்சை கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் கிடைத்தால் அது எங்களுடையதாகவே இருக்கும்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு